கணக்கில் வராத எள்ளெலும்புகள்

மனிதக் கையில் எலும்புகள் 27 என்பது மனப்பாடக் கணக்கு. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. ஆனால் வளர்ந்த ஒருவரின் கையை எக்ஸ்ரே எடுத்துப் பொறுமையாக எண்ணினால் கணக்கு 27-இல் நிற்காது. ஏறக்குறைய எல்லாருக்கும் 29 வரும். பலருக்கு 30, 31. சிலருக்கு 32. அபூர்வமாக அதற்கும் மேலே. இப்படி மிஞ்சி நிற்பவைதான் எள்ளெலும்புகள். மருத்துவர்கள் பேச்சில் செசமாய்டு. எள்ளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் கேலன் வைத்தது என்பார்கள். பெயர் பொருத்தம்தான். எள் சுமார் 3 மி.மீ. நீளம், விரல்களின் அடியில் இருக்கும் இந்த எலும்புகளில் பலவும் 2 முதல் 3 மி.மீ.தான். கட்டைவிரல் அடியில் இருக்கும் இரண்டு மட்டும் 4 முதல் 6 மி.மீ. வரை வளரும். அவற்றை மிளகு என்றே சொல்லலாம்.

இவை நூறு பேரில் எத்தனை பேருக்கு இருக்கின்றன என்பது வெறும் பொது அறிவுக் கேள்வி போலத் தோன்றும். விரலில் அடிபட்டு எடுத்த எக்ஸ்ரேயில், மூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி தெரியும்போதுதான் இந்தக் கேள்வியின் கனம் புரியும். அந்தப் புள்ளி உடம்போடு வளர்ந்ததா, உடைந்து தெறித்த சில்லா? அந்த இடத்தில் எள்ளெலும்பு இருப்பது சகஜமா அபூர்வமா என்று தெரிந்தவர் ஒரு பதில் சொல்வார். தெரியாதவர் தேவையில்லாமல் மாவுக்கட்டுப் போட்டுவிடுவார். அல்லது போடவேண்டிய கட்டைப் போடாமல் அனுப்பிவிடுவார்.

இரண்டை மட்டும் இப்போதே தொட்டுப் பார்க்கலாம். கட்டைவிரலைத் தளர விட்டு லேசாக மடக்குங்கள். நகத்தை ஒட்டிய நுனிமூட்டை விட்டுவிட்டு, அதற்குக் கீழே உள்ள அடிமூட்டுக்கு வாருங்கள். உள்ளங்கைப் பக்கம், அந்த மூட்டின் ரேகைக்குச் சற்றுக் கீழே, மற்றக் கையின் கட்டைவிரல் நுனியால் அழுத்தி இடமும் வலமும் உருட்டுங்கள். நடுவே ஒரு கயிறு. அதன் இரு பக்கமும் தடிப்பாக இரண்டு சிறு மேடுகள். நுனிமூட்டை மட்டும் மடக்கி நீட்டினால் நடுவில் உள்ள கயிறு நகர்வது தெரியும். அது கட்டைவிரலை மடக்கும் நீண்ட தசைநாண். இரு பக்க மேடுகளும் எள்ளெலும்புகள். தசைப்பற்று அதிகமான கையில் இது சட்டென்று அகப்படாது. அதற்காக இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

இந்தச் சோதனை ஒரு தவறான எண்ணத்தையும் திருத்துகிறது. எள்ளெலும்பு என்றால் தசைநாணுக்குள் புதைந்த எலும்பு என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். முழங்கால் சில்லுக்கு அது சரி. உடம்பிலேயே பெரிய எள்ளெலும்பு அதுதான். கையில் நிலைமை வேறு. விரலின் அடிமூட்டுக்கு உள்ளங்கைப் பக்கத்தில் தடித்த நார்த்தகடு ஒன்று உண்டு, வோலார் பிளேட் என்பார்கள். விரல் பின்பக்கமாக அளவுக்கு மீறி வளையாமல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. கையின் எள்ளெலும்புகள் இந்தத் தகட்டுக்குள்தான் பதிந்திருக்கின்றன. சிறு தசைகளின் நாண்கள் அங்கே வந்து பிடித்துக்கொள்கின்றன: கட்டைவிரலின் வெளிப்பக்க எலும்பில் விரலை மடக்கும் சிறு தசை, ஆள்காட்டி விரலைப் பார்த்த பக்கத்து எலும்பில் கட்டைவிரலை உள்ளே இழுக்கும் அடக்டர் தசை. நீண்ட தசைநாண் இரண்டுக்கும் நடுவே, வாய்க்காலில் ஓடுவது போல ஓடுகிறது. எலும்பின் ஒரு முகம் வழவழப்பான குருத்தெலும்பு பூசி மூட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே மூட்டுக்கு வரும் தேய்மானம், வீக்கம் எல்லாம் இதற்கும் வரும். தகடு கிழிந்தால் இதுவும் இடம் மாறும். பின்னால் வரும் சிக்கல்கள் அத்தனைக்கும் இந்த அமைப்புதான் வேர்.

எந்த இடத்தில் எத்தனை பேருக்கு

கட்டைவிரல் அடிமூட்டில் இரண்டு. இது ஏறத்தாழ நூற்றுக்கு நூறு. வளர்ந்தவரின் கையில் இந்த இரண்டில் ஒன்று காணவில்லை என்றால், இல்லாதவர் அவர் என்று எழுதுவதற்கு முன் படம் எடுத்த கோணத்தைச் சந்தேகிப்பதே நல்லது.

கட்டைவிரலின் நுனிமூட்டில் ஒன்று. ஆய்வுக்கு ஆய்வு எண் மாறினாலும் பெரும்பாலும் நூற்றுக்கு அறுபதுக்கும் எழுபத்தைந்துக்கும் இடையில் நிற்கிறது. பக்கவாட்டுப் படத்தில் மூட்டுக்கு உள்ளங்கைப் பக்கமாகத் தனியே ஒரு மணி போலத் தெரியும். அடிபட்ட கட்டைவிரலில் இதைச் சில்லு என்று நினைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

சுண்டுவிரல் அடிமூட்டில், கையின் வெளி ஓரத்தைப் பார்த்த பக்கத்தில் ஒன்று. பாதிப் பேரிலிருந்து நூற்றுக்கு எண்பது பேர் வரை. ஆள்காட்டி விரல் அடிமூட்டில், கட்டைவிரலைப் பார்த்த பக்கத்தில் ஒன்று. இது மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேர் வரை. பக்கத்தைக் கவனியுங்கள்: இரண்டுமே உள்ளங்கையின் இரு வெளி ஓரங்களில் உட்கார்ந்திருக்கின்றன. அதே மூட்டுகளின் உள்பக்கத்தில் எள்ளெலும்பு இருப்பது மிகக் குறைவு.

நடுவிரலும் மோதிர விரலும் கிட்டத்தட்டக் காலி. பெரும்பாலான ஆய்வுகளில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டுவதில்லை, பலவற்றில் ஒன்றுகூட இல்லை. நான்கு விரல்களின் நடுமூட்டு, நுனிமூட்டுகளில் எள்ளெலும்பு என்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

வழக்கமான ஐந்தும் இருப்பவருக்குக் கையில் 32 எலும்பு. இடக்கையும் வலக்கையும் பெரும்பாலும் ஒத்துப்போகும், எப்போதும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. ஆண் பெண் வித்தியாசம் பற்றிய முடிவுகள் ஒன்றுக்கொன்று இடிக்கின்றன. அதை வைத்துக் கோட்டை கட்ட வேண்டியதில்லை.

எண்கள் ஏன் அடித்துக்கொள்கின்றன

சுண்டுவிரலுக்கு ஒருவர் ஐம்பது என்கிறார், இன்னொருவர் எண்பது என்கிறார். இனத்துக்கு இனம் வேறுபாடு என்று உடனே காரணம் சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் எண்ணிய முறையை ஒதுக்கிவிட்டு இனத்துக்குப் போவது அவசரம்.

முதல் கேள்வி, எதை எண்ணினார்கள் என்பது. எள்ளெலும்பு முதலில் குருத்தெலும்புக் கட்டியாகத்தான் உருவாகிறது, அதுவும் கருவிலேயே. பிறகு பல ஆண்டுகள் கழித்து அதற்குள் சுண்ணாம்பு ஏறி எலும்பாகிறது. சிலவற்றில் அது நடப்பதே இல்லை, வாழ்நாள் முழுக்கக் குருத்தாகவே இருந்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. சடலத்தின் கையை அறுத்து நார்த்தகட்டைத் துருவிப் பார்ப்பவர் குருத்தையும் சேர்த்து எண்ணுவார். படம் பார்ப்பவர் எலும்பானதை மட்டும் எண்ணுவார். எக்ஸ்ரே வருவதற்கு முன் வேலை செய்தவர்களுக்கு முதல் வழிதான் இருந்தது. ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் வில்ஹெல்ம் ஃபிட்ஸ்னர் மனிதக் கையின் எள்ளெலும்புகளைப் பற்றி விரிவாக எழுதியது 1892-இல். எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரோண்ட்கென் தன் மனைவியின் கையைப் படமெடுத்தது 1895 டிசம்பரில்தான். அந்தக் காலத்து எண்ணையும் இன்றைய எக்ஸ்ரே எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எள்ளெலும்பு குறைந்துவிட்டது என்று சொல்வது முறையான ஒப்பீடு ஆகாது.

இரண்டாவது, படத்தின் கோணம். கையைக் கவிழ்த்து வைத்து மேலிருந்து எடுக்கும் வழக்கமான படத்தில், விரல்களின் அடியில் உள்ள எள்ளெலும்பு உள்ளங்கை எலும்பின் தலைக்கு நேர் முன்னால் விழும். ஒன்றரைச் சென்டிமீட்டர் தடிமனான எலும்பின் நிழலுக்குள் 2 மி.மீ. புள்ளி. வட்டமான சற்றுக் கூடுதல் வெண்மை, அவ்வளவுதான். அவசரமாகப் பார்த்தால் தவறிப்போகும். கையைச் சாய்த்து எடுத்த படத்தில் அதே எலும்பு தலையின் நிழலிலிருந்து விலகி வெளியே வந்து நிற்கும். ஒரே கோணத்தை மட்டும் வைத்து எண்ணிய ஆய்வு குறைவாகவே காட்டும். கட்டைவிரலுக்கு ஒரு வசதி உண்டு: மற்ற விரல்கள் தட்டையாகக் கிடக்கும்போது அது தானாகவே சாய்ந்து கிடப்பதால், வழக்கமான படத்திலேயே அதன் எள்ளெலும்புகள் ஓரளவு பிடிபட்டுவிடும்.

சி.டி. ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். ஸ்கேன் காட்டும் ஒவ்வொரு குறுக்குத் துண்டின் தடிமன் 3 மி.மீ. என்றால் 2 மி.மீ. எலும்பு பக்கத்துச் சதையோடு கலந்து மங்கிப்போகும், 1 மி.மீ.க்குக் குறைவான துண்டுகள் வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் இன்னும் சிரமம். நார்த்தகடும் கறுப்பு, தசைநாணும் கறுப்பு, எள்ளெலும்பின் கெட்டியான ஓடும் கறுப்பு. உள்ளே கொஞ்சம் கொழுப்பு மஜ்ஜை இருந்தால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டுத் தெரியும். இல்லையென்றால் கண்ணில் படாது.

மூன்றாவது, வகுத்த எண். இதில்தான் படித்தவர்களும் வழுக்குகிறார்கள். நூறு பேர், இருநூறு கைகள் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேருக்கு ஆள்காட்டி விரலில் இரு கையிலும் எள்ளெலும்பு. இருபது பேருக்கு ஒரு கையில் மட்டும். ஆளைக் கணக்கிட்டால் நூற்றுக்கு அறுபது. கையைக் கணக்கிட்டால் இருநூறில் நூறு, அதாவது ஐம்பது. எலும்பு ஒன்றுகூட மாறவில்லை, பத்துப் புள்ளி மாறிவிட்டது. இதில் எந்த முறை என்று கட்டுரையின் சுருக்கத்தில் எழுதாமல் விடுபவர்கள் உண்டு. அட்டவணையில் மொத்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான்காவது வயது. பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களின் படங்கள் கலந்திருந்தால் சுண்டுவிரல், ஆள்காட்டி, கட்டைவிரல் நுனி என எல்லா எண்ணும் இறங்கும், ஏனென்றால் அவர்களுக்கு அவை இன்னும் எலும்பாகவில்லை.

புதைகுழி எலும்புகளை வைத்து எண்ணுவதை நம்பவே வேண்டாம் என்பது என் கருத்து. மண்ணைச் சலிக்கும் சல்லடைக் கண் 5 மி.மீ. என்றால் கையின் எள்ளெலும்பு மண்ணோடு போய்விடும். அகப்பட்டாலும் அது கையினுடையதா, பாதத்தினுடையதா, கூழாங்கல்லா என்று சொல்லப் பழகிய கண் வேண்டும். எலும்புக்கூட்டில் இல்லை என்பதற்கு, பொறுக்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் பொருள்.

வயது சொல்லும் புள்ளி

நோயாளிக்கு ஒரு தொல்லையும் தராமலேயே இந்த எலும்பு மருத்துவருக்கு உதவும் இடம் ஒன்று உண்டு. அடக்டர் தசை பிடித்திருக்கும் கட்டைவிரல் எள்ளெலும்பு, சராசரியாகப் பெண் பிள்ளைகளுக்கு 11 வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகளுக்கு 13 வயதை ஒட்டியும் எக்ஸ்ரேயில் முதன்முதலாகப் புள்ளியாகத் தோன்றுகிறது. பருவ வயதில் உயரம் கிடுகிடுவென்று ஏறும் காலத்தின் உச்சம் அதற்குச் சுமார் ஓராண்டு கழித்து வரும். தாடையின் வளர்ச்சியைப் பயன்படுத்தி எடுப்பான பல்லையும் உள்வாங்கிய தாடையையும் சரிசெய்ய நினைக்கும் பல் சீரமைப்பு மருத்துவருக்கு இந்தத் தேதி முக்கியம். வளர்ச்சி முடிந்த பிறகு கருவி மாட்டிப் பயனில்லை. கையெலும்புகளின் முதிர்ச்சியை அளக்க 1982-இல் பல் சீரமைப்பு மருத்துவர் ஃபிஷ்மன் வகுத்த பதினொரு படிகளில் இந்த எள்ளெலும்பு தோன்றுவது நான்காவது படி. அதற்கு முன் மூன்று படிகளில் விரலெலும்பின் வளர்முனை, அதாவது எலும்பு நீளும் முனைப்பகுதி, அகலமாகிக்கொண்டு வரும், பிறகு வளர்முனை தண்டின் மேல் தொப்பி போலக் கவியும், கடைசியில் ஒட்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. புள்ளி இல்லையென்றால் வேகவளர்ச்சியின் உச்சம் இன்னும் வரவில்லை என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். புள்ளி இருந்தால்? நேற்றுத் தோன்றியதா, இரண்டு வருடத்துக்கு முன் தோன்றியதா என்று அந்தப் புள்ளி சொல்லாது. நடுவிரலின் நடு எலும்பைப் பார்க்க வேண்டும். வளர்முனை தொப்பியாகக் கவிந்துவிட்டதா, நுனி எலும்பில் ஒட்டவே தொடங்கிவிட்டதா என்று பார்த்தால்தான் பிள்ளை மேடேறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும். எள்ளெலும்பு ஒன்றை மட்டும் பார்த்து வயதுச் சான்று எழுதுவது சரியல்ல. சராசரி என்பது சராசரிதான்; முன்பின் ஓரிரண்டு வருடம் சாதாரணம்.

உடைந்தால், விலகினால்

பந்து பிடிக்கும்போதோ விழுந்து கையூன்றும்போதோ கட்டைவிரல் பின்பக்கமாக மடங்கினால் நார்த்தகடு இழுபடும். தகடு தாங்கினால் உள்ளே இருக்கும் எள்ளெலும்பு உடையலாம். அடையாளம், அடிமூட்டின் உள்ளங்கைப் பக்கத்தில் ஒரு விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் சுரீர் என்ற வலி. வழக்கமான நேர்ப்படமும் பக்கவாட்டுப் படமும் இதைப் பல நேரம் காட்டாது, ஏனென்றால் பக்கவாட்டில் இரண்டு எள்ளெலும்பும் ஒன்றன்மேல் ஒன்று விழும். விரலைச் சற்றே இப்படியும் அப்படியும் திருப்பி இரண்டு சாய்வுப் படம் கேட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும்.

உடைந்ததா, பிறப்பிலேயே இரண்டு துண்டா என்ற கேள்வி உடனே வரும். பிறவித் துண்டுகளின் விளிம்பு முழுக்க வெள்ளைக் கோடாக, வழவழப்பாக இருக்கும். இரண்டையும் சேர்த்தால் சாதாரண எள்ளெலும்பைவிடப் பெரிதாகவே வரும். உடைந்த துண்டின் உடைந்த பக்கம் கரடுமுரடு, அந்தப் பக்கத்தில் வெள்ளைக் கோடு இருக்காது. இரண்டையும் சேர்த்தால் ஒரே எலும்பின் அளவுக்குப் பொருந்தும். சந்தேகம் நீடித்தால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்த படத்தில் உடைந்த விளிம்பு மங்கி மாறியிருக்கும். பிறவித் துண்டில் ஒரு மாற்றமும் இருக்காது. மறுகைப் படம் உதவும். ஆனால் இரு கையும் ஒத்துப்போகாதவர்களும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. பாதத்தின் பெருவிரலில் இரட்டைத் துண்டு எள்ளெலும்பு சகஜம். கையில் குறைவு. அதனால் கையில் இரண்டு துண்டு தெரிந்தால் முறிவின் பக்கமே தராசு சாயும்.

சிகிச்சையைத் தீர்மானிப்பது எலும்பைவிட நார்த்தகடுதான். தகடு முழுசாக இருந்தால் அடிமூட்டைச் சுமார் 30 பாகை மடக்கிய நிலையில் சில வாரம் கட்டி வைத்தால் போதும். தகடு கிழிந்திருந்தால் கட்டைவிரல் பின்பக்கம் வளைந்தே நிற்கும், கிள்ளிப் பிடிக்கும் வலு குறையும். அப்போது தைத்துச் சரிசெய்ய வேண்டிவரும். இந்தப் பிரிவைப் பார்க்காமல் எலும்பு சின்னதுதானே என்று விட்டுவிடுவதுதான் நாட்பட்ட வலிக்குக் காரணம்.

எள்ளெலும்பு மிகத் தெளிவாகப் பேசும் இடம் மூட்டு விலகல். கட்டைவிரல் அடிமூட்டு பின்பக்கமாக விலகும்போது இரண்டு விதம். முதல் விதத்தில் விரல் கிட்டத்தட்டச் செங்குத்தாக எழும்பி நிற்கும், பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் எளிதில் உட்காரும். இரண்டாவதில் விரல் அவ்வளவு கோணலாகத் தெரியாது, உள்ளங்கை எலும்புக்கு இணையாகவே கிடக்கும். உள்ளங்கைப் பக்கத் தோலில் ஒரு சிறு குழி விழுந்திருக்கும். பார்க்கச் சாதுவாகத் தோன்றும் இதுதான் மோசமானது. கிழிந்த நார்த்தகடு இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மூட்டுக்குள் புகுந்துகொண்டிருக்கும். எக்ஸ்ரேயில் தகடு தெரியாது. ஆனால் தகட்டுக்குள் எள்ளெலும்பு இருக்கிறதே! விரிந்த மூட்டு இடைவெளிக்குள் எள்ளெலும்பு தெரிந்தால் தகடு உள்ளே மாட்டிக்கொண்டது என்று பொருள், வெளியிலிருந்து இழுத்து அதைச் சரிசெய்ய முடியாது, அறுவை சிகிச்சைதான். ஆள்காட்டி விரலிலும் இதே கதை, அவருக்கு அங்கே எள்ளெலும்பு இருந்தால்.

முதல் விதத்தை இரண்டாவதாக மாற்றுவது பெரும்பாலும் மனிதக் கைதான். விலகிய விரலைக் கண்டதும் நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பார்கள். இழுத்த நொடியில் இரண்டு எலும்பும் விலகி நடுவில் இடம் கிடைக்க, தகடு உள்ளே உறிஞ்சப்படும். தெரிந்த மருத்துவர் இழுக்க மாட்டார். மணிக்கட்டை மடக்கி நாண்களைத் தளர்த்திவிட்டு, விரலெலும்பின் அடியை உள்ளங்கை எலும்பின் தலையோடு ஒட்டியபடியே முன்னோக்கித் தள்ளிச் சறுக்க விடுவார். தொடர்பு விடுபடாதவரை தகடு உள்ளே புகாது. வீட்டிலோ மைதானத்திலோ இதைச் செய்து பார்க்க வேண்டாம். அசையாமல் கட்டி, படம் எடுக்க அனுப்புவதோடு நிறுத்திக்கொள்வது விரலுக்கு நல்லது.

ஆள்காட்டி விரல் அடிமூட்டு சில நேரம் மடங்கிய நிலையில் பூட்டிக்கொள்ளும். மடக்கலாம், கடைசிக் கொஞ்சம் நீட்ட முடியாது. எலும்பின் தலையில் முளைத்த முள்ளில் மூட்டின் நாரோ எள்ளெலும்போ மாட்டிக்கொள்வதால் வருவது. இதைச் சொடுக்கு விரல் (மடக்கும் நாண் தன் உறையில் சிக்கிக்கொள்வது) என்று நினைத்து ஊசி போட்டுப் பலன் இல்லாமல் போவதுண்டு. வித்தியாசம் பார்ப்பது எளிது: சொடுக்கு விரலில் மாட்டிக்கொண்டு நிற்பது நடுமூட்டு; இதில் நடுமூட்டு தாராளமாக நீளும், அடிமூட்டு மட்டும் நிற்கும்.

வயதானவர்களுக்குக் கட்டைவிரல் அடியில் எள்ளெலும்பும் தேயும். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, மற்ற மூட்டுத் தேய்மானத்துக்குச் செய்வதே இதற்கும்.

வளர்ச்சி இயக்குநீர் மிகுந்து கைகால் பெருக்கும் அக்ரோமெகலி நோய்க்கு, 1960களில் எள்ளெலும்பை அளந்து பார்க்கும் வழக்கம் இருந்தது. கட்டைவிரல் அடிமூட்டின் உட்பக்க எள்ளெலும்பின் நீளத்தையும் அகலத்தையும் மி.மீ.யில் பெருக்க வேண்டும். 5க்கு 4 என்றால் 20, சாதாரண ஆளின் அளவு அதை ஒட்டி வரும். 30-ஐத் தாண்டினால் சந்தேகம். படம் எவ்வளவு பெரிதாக்கி விழுகிறது என்பதைப் பொறுத்து எண் மாறும் என்பதால் இது எப்போதும் துல்லியமாக இருந்ததில்லை. இன்று இரத்தப் பரிசோதனை அந்த வேலையைச் செய்கிறது.

பட்டாணி எலும்பு என்ற வழக்கு

27-இல் ஏற்கெனவே ஒரு எள்ளெலும்பு ஒளிந்திருக்கிறது என்பார்கள். மணிக்கட்டின் எட்டில் ஒன்றான பட்டாணி எலும்பு, பிசிஃபார்ம். சுண்டுவிரல் பக்கத்தில் மணிக்கட்டு ரேகையை ஒட்டி உருண்டையாகத் தட்டுப்படும். மணிக்கட்டை மடக்கி முழுக்கத் தளர விட்டால் அதை இரு விரலால் பிடித்து ஆட்டலாம். தசையை இறுக்கினால் அசையாது. தசைநாணில் உட்கார்ந்திருப்பதன் அடையாளம் அது. மணிக்கட்டு எலும்புகளில் கடைசியாக, 8 முதல் 12 வயதுக்குள், எலும்பாவதும் இதுதான். ஆக எள்ளெலும்பு என்ற பட்டம் பொருந்துகிறது.

ஆனால் மற்றப் பாலூட்டிகளில், மனிதக் குரங்குகளிலும்கூட, இந்த எலும்பு நீளமான தண்டு. அதற்கு எலும்பாகும் மையங்கள் இரண்டு, நடுவே எலும்பை நீளச்செய்யும் வளர்தகடும் உண்டு. எள்ளெலும்புக்கு வளர்தகடு இருக்கும் வழக்கம் இல்லை. மனித வழியில் அந்த மையங்களில் ஒன்றும் வளர்தகடும் போய்விட்டதால் தண்டு உருண்டையாகச் சுருங்கியது. அதாவது எள்ளெலும்பு போலத் தெரிவது சுருங்கியதன் விளைவு. என்னைக் கேட்டால் அதை மணிக்கட்டு எலும்பாகவே எண்ணிய பழைய கணக்கு சரிதான்.

எள்ளெலும்புகள் நமக்குக் குறைந்துபோனவை என்பதற்கு நாயின் முன்பாதம் போதும்: நான்கு முதன்மை விரல்களின் அடிமூட்டிலும் இரண்டிரண்டாக எட்டு, தவறாமல். நமக்குத் தவறாமல் இருப்பது கட்டைவிரலில் மட்டும். பாரத்தைத் தரையில் ஊன்றும் பாதத்துக்கு நாணைத் தாங்கும் மணி ஒவ்வொரு விரலிலும் வேண்டும். பிடிக்கும் கைக்குக் கிள்ளும் விரலில் இருந்தால் போதும் என்று காரணம் சொல்வது கவர்ச்சியாக இருக்கிறது. பாண்டாக் கரடி எதிர்த் திசையில் போனது. அதன் மணிக்கட்டு எள்ளெலும்பு ஒன்று பெருத்து, மூங்கிலைப் பற்றும் ஆறாவது விரலாகவே ஆகிவிட்டது. பயன்படுத்தினால் வளரும் என்ற எளிய விளக்கம் இரண்டுக்கும் ஒத்துவராது, ஏனென்றால் விரல் எதையும் பிடிக்கும் முன்பே கருவில் குருத்தாக இடம் பிடித்துவிடுகிறது. எலும்பாவதிலும் எவ்வளவு பெரிதாவதிலும்தான் உழைப்புக்குப் பங்கு இருக்க வாய்ப்பு.

மறுபடி அந்த வெள்ளைப் புள்ளிக்கு வருவோம். சுண்டுவிரல் அடிமூட்டின் வெளி ஓரத்தில், விளிம்பு முழுக்க வெண்கோடு போட்ட உருண்டைப் புள்ளி என்றால், நூற்றுக்கு ஐம்பது முதல் எண்பது பேருக்கு இருப்பதுதான் இது. அந்த இடத்தை அழுத்தினால் வலிக்கவில்லை என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. அதே அளவுப் புள்ளி மோதிர விரல் அடிமூட்டில் இருந்தால் நூற்றுக்கு மூன்றுகூட இல்லாத விஷயம். அங்கே எள்ளெலும்பு என்று எழுதுவது கடைசி முடிவாக இருக்க வேண்டும். முதலில் பக்கத்து எலும்பின் ஓரத்தில் அந்தப் புள்ளியின் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறதா பார்க்க வேண்டும். பிறகு சாய்வுப் படம், மறுகைப் படம். அறிக்கையில் எந்த மூட்டு, எந்தப் பக்கம், எத்தனை மி.மீ., விளிம்பு எப்படி என்ற நான்கும் இருந்தால், ஆறு மாதம் கழித்து அதே கை வேறொரு அடியோடு வரும்போது பார்ப்பவருக்குப் புள்ளி பழையதா புதியதா என்ற குழப்பம் இருக்காது.